பங்கசுக்கு ஆழ்வாப்பிள்ளை அகழி வெட்டிய படலம்

வாழி, சரவணையூர்ச் செம்மல்! காணியெல்லையில் ஒரு விரற்கடையும் விட்டுக்கொடாத வேலிகாவலன், மண்வெட்டி ஏந்திய மார்த்தாண்டன், ஆழ்வாப்பிள்ளை என்னும் திருநாமம் பூண்ட தோட்டவேந்தன் வாழி! நாவே, நடுங்காதே, அவன் பொருத போரைப் பாடப் புகுந்தோம்.

எண்பத்து நான்காம் ஆண்டு, சோளகக் காற்று புழுதிவாரி வீச, கிணறுகள் வற்றி உவர்க்க, தீவகத்துப் பயிரெல்லாம் தலைசாய்ந்த கொடுங்கோடையிலே, ஆழ்வாப்பிள்ளையின் வேலியோரக் கத்தரி வரிசை மட்டும் மரகதப்படையென நிமிர்ந்து நின்றது. அவ்வீட்டுக் கறிச்சட்டி நம்பியிருந்ததும் அதைத்தான். நடுகைக் குழியிலிட விவசாயப் போதனாசிரியர் கொடுத்த மண்ணிலே பங்கசு என்னும் நுண்பூஞ்சணம் இருந்தது. அது வேரோடு உறவுகொண்டு, கண்ணுக்குத் தெரியாத வெண்ணூல்களை விரித்து, வேர் எட்டாத தூரத்து ஈரத்தையும் உறிஞ்சிக் கொடுத்தது.

ஐயகோ, அந்த நூலுக்கு வேலி தெரியாது. ஒருநாட்காலை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த வீரன், அயல்வேந்தன் பரராசசிங்கத்தின் வாடற்கத்தரியும் பூவும் பிஞ்சுமாய் நிற்கக் கண்டான். கண் சிவந்தான், மீசை துடித்தான், குடித்த பிளேன்ரீ புரையேறினான்.

"என்ரை பங்கசு அங்காலை போய் வேலை செய்யுது," என்று மனைவி மீனலோசனிக்குப் பிரகடனஞ் செய்தான்.

"போனால் போகட்டுங்கோ. எங்கடை கத்தரியும் நல்லாத்தானே நிக்குது," என்றாள் அவள்.

மனைவி சொற்கேட்டு மாவீரர் எவர் படைக்கலம் வைத்தார்? சாரத்தை மடித்துக் கட்டி, தன் பக்கத்தில், கத்தரியடியை உரசியபடியே, வேலி நீளத்துக்கும் முழங்காலாழ அகழி தோண்டலானான். மண்வெட்டி மின்ன, வியர்வை பெருக, கிளுவைவேர் தெறிக்க, கோழிகள் திசைகெட்டு ஓட, அந்தப் பிடிவாதச் சிகாமணி வெட்டினான், வெட்டினான், வெட்டிக்கொண்டேயிருந்தான்.

வேலிக்கு மேலால் பரராசசிங்கத்தின் தலை உதித்தது. "என்ன அண்ணை, கக்கூசுக்கோ கிடங்கு?"

"என்ரை பங்கசு இனி ஒரு நூலும் உம்மடை காணிக்கு வர ஏலாது," என்று முழங்கினான் கொற்றவன்.

"அப்பிடி ஒருத்தரையும் நான் இங்காலை காணேல்லை அண்ணை," என்றார் அவர்.

மாலைக்குள் அகழி முற்றிற்று. வெற்றிப் பெருமிதத்தோடு வீரன் உறங்கினான். அறுந்த நூலும் அறுந்த வேரும் யாருடையவை என்று அந்தப் பெருமூளை ஒருகணமும் எண்ணவில்லை. மறுநாள் உச்சிவெயிலில் மரகதப்படை முழுவதும் மண்ணிற் சாய்ந்தது; அங்காலைக் கத்தரியோ, குடிவந்த பங்கசின் துணையால் ஓர் இலையும் வாடாது நின்றது. திசையானைகள் பிளிற, தேவர்கள் மூக்குச் சிந்த, பட்ட செடிகளின் நடுவே, மண்வெட்டியூன்றி, மலையன்ன தோள் குலுங்க, தோட்டவேந்தன் அழுதான்.

அடுத்த கிழமை மீனலோசனி பரராசசிங்கத்திடம் கத்தரிக்காய் வாங்கிக் குழம்பு வைத்தாள்.