கல் எடுத்த பிறகு வந்த போன்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்கிறீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். போன் செய்தால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்கிறாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது.

எனக்குச் சிறுநீரகக் கல்லை எடுத்துவிட்டார்கள். பதறாதே, நல்லபடியாகத்தான் முடிந்தது. பஸ் நிலையத்தில் காலமெல்லாம் மைக்கில் பேசியவள் நான். என்னையே வாயடைக்க வைத்துவிட்டார் அந்த டாக்டர். கல்லை உடைப்பது பெரிதில்லையாம், முன்னும் பின்னும் சிக்கல் வராமல் பார்ப்பதுதான் வேலையாம். சிறுநீரைச் சோதித்தார், அதில் கிருமி இருந்ததால் மாத்திரை கொடுத்துத் தேதியைத் தள்ளிப்போட்டார், அது சரியான பிறகுதான் லேசரையே கையில் எடுத்தார். உள்ளே மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, "இதை மறக்காம வந்து எடுத்துக்கணும்மா. குளிரோ காய்ச்சலோ வந்தா வீட்ல வெச்சு வைத்தியம் பாக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகு தினம் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பொண்ணு போன் செய்தாள். "காய்ச்சல் இருக்காம்மா? தண்ணி குடிக்கிறீங்களா? யூரின்ல ரத்தம் வருதா?" என்னிடம் யாரும் சேர்ந்தாற்போல் மூன்று கேள்வி கேட்டு ரொம்ப நாளாயிற்று. நான் தலைவாரிக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஆனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், "சரிம்மா" என்று வைத்துவிடுகிறாள். நல்லா இருக்கிறவளிடம் பேச யாருக்கு நேரம்? அதனால் செவ்வாய்க்கிழமை, "லேசா குளிர்ற மாதிரி இருக்கு" என்று சும்மா சொல்லிவைத்தேன். கூட ரெண்டு வார்த்தை பேசுவாள் என்றுதான். அவளோ, "அப்படியே உக்காருங்க, ஆம்புலன்ஸ் வருது" என்றுவிட்டாள். அது அலறிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது. மாடி வீட்டுக்காரர் பனியனோடு ஓடி வந்து, நான் என் காலாலேயே நடந்து ஏறியதைப் பார்த்து ஏமாந்துபோனார். ஆஸ்பத்திரியில் தெர்மாமீட்டர் வைத்தால் நூற்றொன்றுக்கு மேல். நான் சொன்ன பொய்யை என் உடம்பு எப்படி நம்பியதோ தெரியவில்லை. "கிருமி ரத்தத்துல ஏற ஆரம்பிச்சிருக்கு, விடியட்டும்னு விட்டிருந்தா ஆபத்தாயிருக்கும். எல்லாரும் உங்களை மாதிரி உஷாரா இருந்தா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்" என்று டாக்டர் நாலு பேர் முன்னால் என்னைப் பாராட்டினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசி போட்டு, காய்ச்சல் இறங்கும்வரை வைத்துக்கொண்டார்கள். பார்வையாளர் நேரத்தில் பக்கத்துக் கட்டிலைச் சுற்றிக் கூட்டமான கூட்டம். "உங்களுக்கு யாரும் வரலைதானே?" என்று கேட்டு என் நாற்காலியையும் எடுத்துப்போனார்கள். எனக்கென்ன, காற்றாவது வந்தது.

இப்போது வீட்டில் சௌக்கியமாக இருக்கிறேன். நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. எனக்கெதற்குத் துணை? தனியாக இருந்து பழகிவிட்டது. உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்து, கல்லில்லாமல் நீடூழி வாழுங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அந்தப் பொண்ணு கூப்பிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை குழாயை எடுத்துவிடுவார்களாம். அதன் பிறகு போன் செய்ய மாட்டார்களாம். "கூட யாரும்மா வருவாங்க?" என்று கேட்டாள். "என் தம்பி வருவான்" என்று வாய் சொல்லிவிட்டது. வியாழக்கிழமையே வந்துவிடு. உள் அறைக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றியாயிற்று.