மாமா கழுத்தில் நான் கத்தி வைத்த விவரம்

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா, பாப்பா மூவரும் சுகம். மாமா, வலது மணிக்கட்டு நீங்கலாக, முழு சுகம். அங்கே நீங்களும், தங்கையும், புதிதாக வந்திருக்கும் குட்டிப் பயலும், அவனைக் குளிப்பாட்ட வந்திருக்கும் அத்தையும், மணிக்கட்டு உட்பட, சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் அக்கா அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "அப்பா முகம் கண்ணாடி மாதிரி இருக்கே, எந்த சலூன்?" என்று கேட்டிருந்தீர்கள். சலூன் இல்லை மச்சான். அது என் கைவேலை. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனை எடுத்தால் மாமா பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால் அலுவலகத்தில், சாப்பாட்டு நேரத்தில், புகார்த் தாளிலேயே எழுதுகிறேன். மேலே 'குழாய் உடைந்த இடம்' என்று அச்சடித்திருப்பதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எனக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருஷம். இந்தப் பதினேழு வருஷத்தில் மாமா என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். எல்லாம் உங்கள் அக்கா வழியாகத்தான். "உன் வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமா கேளு" என்பார், நான் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். காரணம் என் தாடி. எடை அளவு ஆய்வாளராக முப்பது வருஷம் கடை கடையாகப் போய்த் தராசை நிமிர்த்தியவர், "முகத்தை மறைக்கிறவன் எதையோ மறைக்கிறான்" என்று நிச்சயதார்த்தத்தன்றே சொல்லிவிட்டார். அத்தை ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு ரயிலேறினார், மாமா பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார், திங்கட்கிழமை காலை எங்கள் மாடிப்படியின் கடைசிப் படியை இல்லாத படி என்று நினைத்துக் கால் வைத்தார், வலது மணிக்கட்டு போய்விட்டது. முழங்கை வரை மாவுக்கட்டு.

கட்டு கூடப் பெரிய கஷ்டமில்லை மச்சான். தாடிதான். நாலாம் நாள் வெள்ளை முள் முளைத்தது. மாமா நடைக்குப் போவதை நிறுத்தினார். அவரோடு நடக்கும் பெரியவர்கள் இரண்டு பேர் வாசலுக்கு வந்து கூப்பிட்டால், "தூங்குறேன்னு சொல்லு" என்று உள்ளேயிருந்து உரக்கச் சொல்வார், அது அவர்களுக்கே கேட்கும். சலூன்காரரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். "வெளி ஆள் கை என் முகத்துல படாது" என்று அனுப்பிவிட்டார். என் டிரிம்மரை நீட்டினேன். "புல்லு வெட்டுற மெஷினா இதுன்னு உன் வீட்டுக்காரரைக் கேளு" என்றார். பெட்டியிலிருந்து தன் ரேசரை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கால மாதிரி. மூடியைக் கழற்றி, ரெண்டு பக்கமும் கூரான பிளேடை வைத்துத் திருக வேண்டும். இரும்புக் குண்டு மாதிரி கனம். "கை மட்டும் நல்லா இருந்தா..." என்று பெருமூச்சு விட்டார். தோள் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நீங்க பண்ணி விடுங்களேன்" என்றாள் உங்கள் அக்கா.

"நானா? நான் பிளேடைத் தொட்டதே பென்சில் சீவத்தான்."

"அப்ப முதல்ல உங்க மூஞ்சியில கத்துக்குங்க."

அப்படித்தான் மச்சான், கல்லூரிக் காலத்திலிருந்து வளர்த்த தாடி ஒரே சாயங்காலத்தில் போனது. குளியலறையை விட்டு வெளியே வந்தேன். பாப்பா பார்த்துவிட்டு, "அம்மா, அப்பாவோட தம்பி வந்திருக்கார்" என்று குரல் கொடுத்தாள். உங்கள் அக்கா வந்து, இப்படியும் அப்படியும் பார்த்து, "தாடையே இல்லையே, இதைத்தான் பதினேழு வருஷமா மறைச்சு வெச்சிருந்தீங்களா?" என்றாள். மாமா சொன்னது சரியாகிவிட்டது.

முதல் நாள் மெஷினை அழுத்துகிற மாதிரியே ரேசரையும் அழுத்தினேன். அதை அழுத்தவே கூடாதாம், அதன் கனமே போதுமாம். இது எனக்கு ஐந்து இடத்தில் ரத்தம் வந்த பிறகு தெரிந்தது. ரெண்டாம் நாள் பிளேடுக்கு அடியில் வைக்கும் தகட்டைத் தலைகீழாக வைத்துத் திருகிவிட்டேன். அது முடியை விட்டுவிட்டுத் தோலை மட்டும் எடுத்தது. மூன்றாம் நாள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, தும்மல் வந்துவிட்டது. ரத்தம் நிற்க முகமெல்லாம் காகிதத் துணுக்கு ஒட்டிக்கொண்டு அலுவலகம் போனேன். புகார் மேசையில் ஒரு அம்மா வந்து நின்று, "எங்க தெருவுல நாலு நாளா தண்ணி வரலைன்னு சொல்ல வந்தேன் சார்... பரவாயில்ல, நீங்க முதல்ல வீட்டுக்குப் போங்க" என்று திரும்பிப் போய்விட்டார். அந்த வாரம் புகார் பாதியாகக் குறைந்ததற்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. எங்கள் மேலதிகாரி மட்டும் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, "வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்றார். "மாமனார் வந்திருக்கார் சார்" என்றேன். "புரியுது" என்று ரெண்டு நாள் லீவு கொடுத்தார்.

அந்த லீவில்தான் தொழில் கற்றேன். பலூனை ஊதி, சோப்பு நுரையைப் பூசி, வெடிக்காமல் வழிக்க வேண்டும். ஆறு பலூன் வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் மாமா என்றே பெயர் வைத்து, வெடிக்க வெடிக்க உங்கள் அக்காவிடம் சொன்னேன். நாலு மாமா வெடித்துவிட்டார்கள். கூடத்திலிருந்து, "என்ன சத்தம் அது?" என்றார் நிஜ மாமா. "ஒண்ணுமில்லப்பா, நீங்கதான்" என்றாள் உங்கள் அக்கா, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் அப்படியே சேர்க்கும் பழக்க தோஷத்தில். ஐந்தாவது பலூன் பிழைத்தது. ஆறாவதில் ஒரு கீறலும் இல்லை. ரேசரைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே போக வேண்டும், அவசரமே கூடாது. புகார் மேசையில் உட்கார்ந்து நான் கற்காத பொறுமையை அந்த ஆறாவது பலூனில் கற்றேன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஆறரை மணி. ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு மாமாவை உட்கார வைத்தேன். வெந்நீர்த் துண்டை முகத்தில் ஒத்தினேன். "நுரை போதாதுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு." போட்டேன். "கன்னத்துலேருந்து ஆரம்பிக்கச் சொல்லு." ஆரம்பித்தேன். ரெண்டு கன்னமும் நல்லபடியாக முடிந்தது. கழுத்துக்கு வந்தபோது அடுப்பில் பால் பொங்குகிறது என்று உங்கள் அக்கா உள்ளே ஓடிவிட்டாள். மாமா தலை பின்னால் சாய்ந்திருக்கிறது, தொண்டைக் குழியில் பிளேடு இருக்கிறது, திரும்பி மகளைத் தேட முடியாது. கொஞ்ச நேரம் கண்ணை மட்டும் இங்கும் அங்கும் உருட்டினார். பிறகு, உதடு அசையாமல், "மாப்பிள்ளை, நான் மூச்சு விட்டுக்கலாமா?" என்றார்.

"விடுங்க மாமா."

"நீங்களும் விடுங்க."

அப்போதுதான் நானும் பிடித்து வைத்திருந்தது தெரிந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து விட்டோம். பதினேழு வருஷத்தில் இதுதான் மச்சான் எங்கள் முதல் பேச்சு.

படிகாரக் கல்லைத் தடவி, துடைத்துவிட்டேன். மாமா இடது கையின் புறங்கையால் கன்னத்தை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று தடவிச் சோதித்தார். தராசு முள்ளைப் பார்க்கிற அதே முகம். "கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்றார். அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு நடைக்குக் கிளம்பிவிட்டார். தெருமுனை வரை போய், கன்னத்தைக் காட்டாமல் ஒருவரையும் விடவில்லை என்று பாப்பா சொன்னாள்.

இப்போது தினம் ஆறரைக்கு வெந்நீர் வைக்கிறேன். அவருக்கு முடித்து, எனக்கும் முடித்துக்கொள்கிறேன். என் தாடை பற்றி வீட்டில் இப்போது பேச்சில்லை. கள்ளப் படிக்கல்லை எப்படிக் கண்டுபிடித்தார் என்று மாமா கதை சொல்வார், நான் நுரை குழைப்பேன். நடுநடுவே, "நாப்பது வருஷப் பழக்கம் மாப்பிள்ளை, நானா இருந்தா பத்து நிமிஷம் முன்னாடியே முடிச்சிருப்பேன்" என்பார். இருக்கும். அவர் தேர்ந்த கை, நான் நேற்று வந்தவன். வருகிற வியாழக்கிழமை கட்டைப் பிரிக்கிறார்கள். ரேசர் உரியவர் கைக்குப் போய்விடும், எனக்கு வேலை போய்விடும். கொஞ்சம் வருத்தம்தான். அத்தையிடம் சொல்லுங்கள், வியாழக்கிழமை முதல் மாமா தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார், கவலையே வேண்டாம் என்று.

குட்டிப் பயலுக்கு என் முத்தம், இனி குத்தாது. தங்கைக்கு அன்பு. அத்தைக்கு வணக்கம். எல்லோரும் நீடூழி நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வழவழப்பான கன்னத்துடன்,
உங்கள் அக்கா வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அத்தையே போன் செய்துவிட்டார். மேலே எழுதியதை எல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் அங்கே குழந்தை எழுந்து அழுதது எனக்கே கேட்டது. "மாப்பிள்ளை, அந்த மனுஷனுக்கு ஷேவ் பண்ணிக்கவே தெரியாதே! கல்யாணமான மறுவாரம் கன்னத்தை அறுத்துக்கிட்டு வந்து நின்னாரு. அன்னைக்கு ஆரம்பிச்சு, பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியாம, விடியறதுக்கு முன்னாடி கதவைச் சாத்திக்கிட்டு, இத்தனை வருஷமா நான்தான் பண்ணி விடறேன். இடது காதுக்குக் கீழ முடி குறுக்கால வளரும், அங்க மட்டும் பார்த்துப் போங்க. நான் வர இன்னும் மூணு மாசம் ஆகும்" என்றார். வீட்டுக்கு வந்தேன். மாமா கட்டைத் தடவிக்கொண்டே, "வியாழக்கிழமை பிரிச்சாலும், கை பழையபடி வர மூணு மாசம் ஆகும்னு டாக்டர் சொன்னார் மாப்பிள்ளை" என்றார். டாக்டரிடம் போனபோது நானும் கூடத்தான் இருந்தேன். அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஆமா மாமா, நானும் கேட்டேன்" என்றேன்.