செந்தமிழன் வாயைத் திறக்கவில்லை

நாலரைக்கு அலாரம் அடித்தது. ரகுபதி எழுந்தான். குளித்தான். ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டினான். ஐந்து பத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனி பஸ் ஏறினான். பக்கத்து சீட்டில் பையை வைத்தான். வல்லக்கோட்டைப் பிரிவில் மெர்சி ஏறினாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவள் உட்கார்ந்தாள். இருவரும் பேசவில்லை.

ஒன்றேகால் வருடமாக இதேதான்.

ஆனால் இந்தச் சனிக்கிழமை, முன்சீட்டுக் கலைமணியிடம் மெர்சி சொன்னாள்: "திங்கக்கெழமலேர்ந்து நான் செகண்ட் ஷிப்ட்டுடி. இந்த பஸ்ஸு இன்னியோட அவ்ளோதான்."

அவளிடம் பேசுவதென்றால் ரகுபதி இன்றே பேசியாக வேண்டும்.

எதைப் பேசுவது? பஸ் முழுக்க ஒரே பேச்சு 'மதகு'தான். போனில் வாராவாரம் வரும் படக்கதை. ஏரி மதகைக் காக்கும் செந்தமிழன், தண்ணீர் அளக்க வரும் யாழினி, அவளைக் கட்டிக்கொள்ளத் துடிக்கும் ஓர் இன்ஜினியர். பெயர்தான் செந்தமிழன், அவன் இதுவரை வாயைத் திறந்ததில்லை. வரைவது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ரகுபதி அதில் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை.

"அறுபத்திரண்டு வாரமாச்சு, அவன் இன்னாடி மாறிக்கீறான்? மொத வாரம் நின்ன மாரியே நிக்கிறான். யாழினி இன்ஜினியரோட போவட்டும்," என்றாள் கலைமணி.

மெர்சி சிரித்தாள். அவளுக்கும் அதே எண்ணம்தான் என்று ரகுபதி முடிவுகட்டினான்.

"கரெக்ட்டு," என்றான். சொன்னதும் தைரியம் வந்துவிட்டது. "வாயத் தொறக்காதவன்லாம் ஒரு ஆம்பளயா? மதகுல தள்ளி வுடணும் அவன."

மெர்சியின் சிரிப்பு நின்றது.

"அவ வரும்போதெல்லாம் மூட்டைய எடுத்துட்டு கல்லு மேல எடம் வுடுறானே, அது பேச்சு இல்லியா? எனக்கு அவனத்தான் புடிக்கும்."

"அவன் தங்கமான ஆளுதாங்க," என்றான் அவசரமாக. "அந்தப் பொண்ணுக்குத்தான் புத்தியில்ல. அவளே கேக்கலாமில்ல?"

"யாழினியையா சொன்ன?" கலைமணி எழுந்தே விட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கடைசி சீட்டில் ஹவுஸ்கீப்பிங் பாஞ்சாலியக்கா மட்டும் வழக்கம்போலக் குனிந்து, விரலால் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேம் பைத்தியம் என்பது பஸ் அறிந்த விஷயம்.

ரகுபதி டீ பிரேக்கில் கேன்டீன் மூலையில் நின்று, 'மதகு' கதைக்குக் கீழே தன் பெயரிலேயே எழுதினான்: 'செந்தமிழனை ஒன்றும் செய்துவிடாதீர்கள். அவன் பேசாவிட்டாலும் பரவாயில்லை.'

மெர்சி படிப்பாள், கோபம் தணியும் என்பது கணக்கு. மதியத்துக்குள் கதை எழுதுபவரிடமிருந்தே பதில் வந்தது. வீடு திரும்பும் இரண்டரை மணி பஸ் கிளம்பும் முன் கலைமணி அதை உரக்கப் படித்தாள்.

"'ரகுபதி சொன்னபடி மதகில் தள்ளிவிடலாமா என்று யோசிக்கிறேன். எப்படியும் அடுத்த வாரத்தோடு கதை முடிகிறது.' நல்லா கேட்டுக்கோங்கோ! கதைக்கே சங்கு ஊதிட்டாரு அண்ணாத்தே!"

"யோவ், எங்களுக்கு வாரத்துல இருந்ததே அது ஒண்ணுதான்யா," என்றது ஒரு குரல்.

தள்ளச் சொல்லி ரகுபதி எழுதவே இல்லை. காலையில் இந்த பஸ்ஸில் சொன்னதோடு சரி.

மெர்சி ஏறினாள். சீட்டருகே நின்றாள். அவள் வேறு இடம் தேடுவாள் என்று நினைத்தபடியே, பழக்கத்தில் பையை எடுத்தான்.

அவள் உட்கார்ந்தாள்.

"நீங்க கெஞ்சி எழுதினதயும் படிச்சேன்," என்றாள் மெதுவாக.

காலையிலிருந்து அவன் நெஞ்சில் கிடந்த கல் நகர்ந்தது. வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டான்.

ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்குவதற்காகப் பாஞ்சாலியக்கா பின்னாலிருந்து வந்தாள். அவர்கள் பக்கத்தில் நின்று போனைத் திருப்பிக் காட்டினாள். பாதி வரைந்த படம்: மதகு, கல், மடியில் மூட்டையோடு செந்தமிழன்.

"உன் பையப் பாத்துதாம்பா அவனுக்கு மூட்டைய வரஞ்சேன். வர்ற வாரம் அவன் பேசிடுவான். வல்லக்கோட்ட வர்றதுக்குள்ள நீ பேசிடு."