மோட்டார் கொட்டகைக் கச்சேரி

ஐம்பத்தொன்பது வயதில் கீபோர்டு கற்றுக்கொள்வதென்று சபதம் எடுத்தேன். எடுத்த இடம் ஒரு கல்யாண ரிசப்ஷன். கையில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது.

காரணம் என் மனைவி காமு. மேடையில் கீபோர்டு வாசித்தவரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்களேன், என்னமா ஓடுது அந்த விரலு!"

"ஏன், நமக்கும்தான் பத்து விரல் இருக்கு."

"இருக்கு, இருக்கு. முப்பத்துநாலு வருஷம் குடவாசல் தாலுகா ஆபீஸ்ல சீல் குத்தின விரலு. அதுல வேற என்ன வரும்?"

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. தெரிந்தவன் சிரித்தால் திருப்பி ஏதாவது சொல்லலாம். தெரியாதவன் சிரித்தால் ஐஸ்கிரீமைத்தான் பார்க்க வேண்டும்.

முப்பத்தொரு வருஷ தாம்பத்தியத்தில் காமு என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு தடவை பார்க்க வைத்துவிட வேண்டும். தை மாதம் எங்கள் கல்யாண நாள். அன்றைக்கு அவளுக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டை வாசித்து அசத்திவிட வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. பெரிய ஆசையா, நீங்களே சொல்லுங்கள்.

கீபோர்டை ரகசியமாக வாங்கிவிட்டேன். கடைத்தெருவில் மாடியில் வகுப்பு நடத்தும் ஹம்சத்வனி என்ற பெண்ணிடம் சேர்ந்தும்விட்டேன். ஆனால் வாசித்துப் பழக இடம் வேண்டுமே? எங்கள் வீட்டில் குக்கர் மூன்றாவது விசிலை மனசில் நினைத்தாலே காமுவுக்குக் கேட்டுவிடும்.

அப்போதுதான் மோட்டார் கொட்டகை ஞாபகம் வந்தது.

காமுவுக்கு அவள் அப்பா எழுதிவைத்த ஆறு மா நிலம் ஊருக்கு வெளியே இருக்கிறது. இரண்டு ஏக்கர். குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தவர் திருப்பூருக்குப் போய்விட்டார். இரண்டு வருஷமாகத் தரிசு. "நாமளே சாகுபடி பண்ணலாங்க" என்று காமு நூறு தடவை கேட்டிருப்பாள். நூறு தடவையும் எனக்கு முழங்கால் வலி வந்தது. அந்த நிலத்தின் மூலையில் பூட்டிக் கிடக்கிறது கொட்டகை. கரண்ட் உண்டு. கேட்பதற்கு நாதி கிடையாது.

மறுநாள் காலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"காமு, இனிமே நிலத்தை நானே பாத்துக்கறேன்."

"எந்த நிலம்?"

"உங்கப்பா நிலம்தான். தரிசா கிடக்குதே, மனசு கேக்கல."

"முழங்கால்?"

"அது கிடக்கு."

காமுவின் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இன்னொரு டம்ளர் காப்பி குடிக்கிறீங்களா?" என்றாள். இரண்டாவது காப்பி! கல்யாணமான புதிதில் கொடுத்தது. கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் குடித்துவிட்டேன்.

ஆவணியில் ஆரம்பித்தது என் விவசாயம். காலை ஆறு மணிக்கு மொபெட்டில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவேன். கொட்டகைக்குப் போய், யூரியா சாக்குக்குள் ஒளித்து வைத்திருக்கும் கீபோர்டை எடுப்பேன். வாசிப்பேன். அதாவது, முயற்சி பண்ணுவேன்.

கீபோர்டு பார்க்கத்தான் சாது. மோதிர விரலைத் தூக்கு என்றால் சுண்டு விரலும் கூடவே எழுந்து நிற்கும், தாலுகா ஆபீசில் ஒருத்தர் டீக்குக் கிளம்பினால் ஆபீசே கிளம்புகிற மாதிரி. ஸ, ரி, க வாசித்ததும் கட்டை விரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து 'ம'வுக்குப் போக வேண்டுமாம். என் கட்டை விரல் வாழ்நாளில் யாருக்கும் அடியில் போனதில்லை. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது மாளவிகா, இரண்டாம் வகுப்பு. "தாத்தா, கையைப் பலகை மாதிரி வைக்காதீங்க" என்று ஹம்சத்வனிக்கு முன்னால் அவள்தான் திருத்துவாள்.

முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் காமு கேட்டாள்.

"வாய்க்கால்லேர்ந்து தண்ணி வச்சீங்களா?"

"ரொம்பி வழியுது."

அவள் என் காலைப் பார்த்தாள். "சேறே இல்லையே?"

"கழுவிட்டேன்."

"நகத்துல கூடவா?"

"சுத்தமா கழுவினேன்."

"நல்லது" என்று உள்ளே போய்விட்டாள். நான் எச்சரிக்கையானேன். மறுநாளிலிருந்து வாசித்து முடித்ததும் வாய்க்கால் ஓரம் இறங்கி, இரண்டு காலிலும் முழங்கால் வரைக்கும் சேற்றைப் பூசிக்கொண்டுதான் வண்டி ஏறினேன். பவுடர் போடுகிற மாதிரி சமமாகப் பூசுவேன். காமு பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆகா, நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் கேட்டாள், "இன்னைக்கு என்ன வேலை பாத்தீங்க?"

"உழுதேன்."

"அடேங்கப்பா! டிராக்டரா?"

"பின்ன, நானா இழுப்பேன்?"

"நாளைக்கு நான் வந்து பாக்கவா?"

எனக்கு வியர்த்துவிட்டது. "நாளைக்கு வேணாம். சகதியா இருக்கு. வெள்ளிக்கிழமை வா."

வெள்ளிக்கிழமைக்குள் உழுதாக வேண்டும்! ஓடினேன், அலைந்தேன், டிராக்டர்காரர் கையைக் காலைப் பிடித்து உழுதுவிட்டேன். வெள்ளிக்கிழமை காமுவுக்குத் தலைவலி. வரவில்லை. தப்பித்தேன் என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம், "நாத்தங்கால் விட்டாச்சா?"

வாய் சும்மா இருந்ததா? "விட்டாச்சே!"

"அப்போ நான் வந்து பாக்கவா?"

மறுபடி ஓட்டம். விதைநெல் வாங்கி, ஊறப்போட்டு, முளைகட்டி, நாற்றங்காலில் தெளித்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. நடவு ஆட்களைக் கூட்டி வரும் அம்சம்தான் வரப்பில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். அன்றைக்கும் காமு வரவில்லை. சித்தி பெண் வீட்டில் விசேஷமாம்.

ஐந்து நாள் போனது. சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே காமு கேட்டாள்.

"வயல் எப்படி இருக்கு?"

அன்றைக்கு முதல் தடவையாக சரளி வரிசை தப்பில்லாமல் வந்திருந்தது. குஷியில் உளறிவிட்டேன். "நாத்தைப் பறிச்சு நட்டாச்சு!"

"தெளிச்சு அஞ்சு நாள்தானே ஆச்சு?"

"இது புது ரகம்."

"என்ன ரகம்?"

"பேரு வாயில இருக்கு. வர மாட்டேங்குது."

காமு சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. புரையேறிவிட்டதோ என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டாள், "நான் வந்து பாக்கவா?"

"வரப்புல பாம்பு கிடக்கு."

"பாம்புக்கு நான் என்னிக்குப் பயந்தேன்? நீங்கதான் பல்லிக்கே கட்டில்ல ஏறுவீங்க."

எப்படியோ இருபத்தைந்து நாள் தள்ளினேன். அதற்குள் வயலில் சேறடித்து, வரப்பை வெட்டிச் சரிபண்ணி, நாற்று தேறியதும் அம்சத்தின் ஆட்களோடு நானும் இறங்கினேன். அவர்கள் பத்து முடி நாற்றை நடுவதற்குள் நான் ஒரு முடி நடுவேன், அதிலும் பாதி மிதக்கும். மறுநாள் இடுப்பு என்னுடையதாகவே இல்லை.

சனிக்கிழமை வகுப்புக்கு, "உரக்கடைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவேன். வெறுங்கையோடு எப்படித் திரும்புவது? ஒரு வகுப்புக்கு ஒரு மூட்டை வீட்டுக்கு வந்தது. வந்த மூட்டையை வயலில் போட வேண்டியிருந்தது. போட்டால் பயிர் மட்டுமா வளரும்? களையும் வளர்ந்தது. களை பறிக்க வேண்டியிருந்தது. சொன்ன பொய்க்கெல்லாம் நான் குனிந்து நிமிர்ந்தே ஆறு கிலோ இளைத்தேன்.

ஒருநாள் கொட்டகையில் வாசித்துக்கொண்டிருந்தபோது அம்சம் வாசலில் வந்து நின்றாள்.

"சார், நேத்துக்கு இன்னிக்குப் பரவால்ல."

தூக்கிவாரிப் போட்டது. "கேக்குதா?"

"நாலு வயலுக்குக் கேக்குது. களை பறிக்கிறவங்க எல்லாம் அதைக் கேட்டுக்கிட்டேதான் பறிக்கிறாங்க. ஒரு இடத்துல தடுக்குது பாருங்க, அங்க எல்லாரும் கையை நிறுத்திடுறாங்க."

"ஏம்மா அம்சம், வீட்டுல அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. அவளுக்குத் தெரியாம கத்துக்கிட்டு அவளை சந்தோஷப்படுத்தணும்னு ஆசை."

"என் வாயால சொல்ல மாட்டேன் சார். சத்தியம்" என்றாள் அம்சம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நல்ல பெண் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழையில் மூன்று நாள் வயலில் தண்ணீர் நின்றது. அந்த மூன்று நாளும் நான் கீபோர்டைத் தொடவில்லை. மழையிலேயே நின்று வரப்பை வெட்டி வடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பயிர் மூழ்குவதைப் பார்க்க வயிறு எரிந்தது, அவ்வளவுதான். காய்ச்சலோடு வந்து படுத்தேன். காமு இரவெல்லாம் நெற்றியில் பற்றுப் போட்டாள். அன்றைக்கு மட்டும் அவள் வந்து பார்க்கவா என்று கேட்கவில்லை.

தை பிறந்தது. கல்யாண நாள். கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. காப்பியைக் கொடுத்துவிட்டு காமு வழக்கம்போலக் கேட்டாள்.

"நான் வந்து பாக்கவா?"

"வா" என்றேன்.

வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தவள், வயலைப் பார்த்ததும் இறங்கி நின்றுவிட்டாள். ஒரு கதிரைக் கையில் ஏந்தினாள். ஒரு மணியை உரித்து வாயில் போட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ரெண்டு வருஷமா இந்தப் பக்கம் பஸ்ல போனா கண்ணை மூடிக்குவேங்க. அப்பா இதை ஒரு போகம் கூட சும்மா விட்டதில்ல."

இதுதான் சமயம் என்று கொட்டகைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். சாக்கைப் பிரித்தேன். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே கையால் அந்தப் பாட்டை வாசித்தேன். முழுப் பாட்டையும் வாசித்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால், காமு வைத்த கண் வாங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாசம் பட்ட பாடெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

"ஆச்சரியமா இருக்கா?"

"பின்ன? ரெண்டாவது வரியில எப்பவும் ஒரு இடத்துல தடுக்குவீங்களே, இன்னிக்குத் தடுக்கவே இல்லையே!"

"எப்பவுமா?"

"கால்ல சேறில்லாம வந்தீங்கல்ல, மறுநாளே பின்னாடி பஸ் புடிச்சு வந்துட்டேன். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை அம்சத்தோட வரப்புல உக்காந்து கேப்பேன்."

"அப்போ உழுதேன்னு நான் சொன்னது பொய்யின்னு..."

"அதான் வந்து பாக்கவான்னு கேட்டேன். உடனே உழுதீங்க."

"நாத்தங்கால்?"

"கேட்டேன். விட்டீங்க. அஞ்சு நாள்ல நட்டேன்னீங்களே, அன்னிக்குத்தான் சிரிப்பை அடக்க முடியல."

"ஏன்டி, பாட்டு கத்துக்கறேன்னு தெரிஞ்சதும் வீட்டுலேயே வாசிங்கன்னு சொல்லியிருக்கலாமே?"

"வீட்டுல வாசிச்சா வயலுக்கு யாரு போவா?"

காமு எழுந்து வந்து, என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். காய்த்துப்போயிருந்த உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். பிறகு மடியில் சும்மா கிடந்த இன்னொரு கையைப் பார்த்தாள்.

"ஒத்தக் கையிலேயே ஆறு மா நெல்லு வந்துடுச்சு. அறுப்புக்கு முன்னாடியே அடுத்த போகத்துக்கு உளுந்து தெளிக்கணும், நாளையிலேர்ந்து இடது கையையும் கத்துக்க ஆரம்பிங்க."