கழிவு போக

மீன் கரைக்கு வந்துவிட்டது; வாங்குவதாகச் சொன்ன ஓட்டல் வேன்தான் வரவில்லை.

நாலைந்து குளத்து மீனும் தார்ப்பாயில் குவிந்து கிடந்தது. பக்கத்தில் மாடல் சார் காதில் போனோடு நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. தொண்டு நிறுவன ஆபீஸ் அவரை இங்கே அனுப்பிய நாளிலிருந்து வாயைத் திறந்தால் 'அனைவரையும் உள்ளடக்கிய உள்ளூர் வணிக மாடல்' என்றே சொன்னதால் குளத்துக்காரர்கள் இப்படிச் சுருக்கிவிட்டார்கள். சின்னக் குளம் வைத்திருப்பவர்கள் ஒன்றுசேர்ந்து, நடுவில் தரகர் இல்லாமல் நேராக விற்க வேண்டும் என்பதுதான் மாடல். இன்று அப்படி ஒரு தடவை விற்றுக் காட்டினால் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் மச்சானுடைய கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலி காத்திருந்தது. மச்சான் அதைத் துடைத்தே வைத்திருந்தான்.

"எல்லாம் ஒரே சைஸ்தானே சார்?" என்றார் போனில் ஓட்டல் மேனேஜர். "தட்டுல வெச்சா ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியக்கூடாது. இல்லேன்னா வேன் அனுப்ப மாட்டேன்."

மாடல் சார் குவியலைப் பார்த்தார். உள்ளங்கை அளவும் முழங்கை நீளமுமாக, அது அனைவரையும் உள்ளடக்கிக் கிடந்தது.

"பிரிச்சிடுவோம். பெருசு தனி, சின்னது தனி."

"பிரிச்சா எது யார் மீனுன்னு எப்படித் தெரியும்?" என்றார் கண்ணாடிக்காரர். இருப்பதில் பெரிய குளம் அவருடையது.

"தெரிய வேண்டாம். நாம எல்லாரும் ஒண்ணு."

"ஒண்ணுதான் சார். ஆனா அந்தப் பெருசு என்னுது."

"அது என் மீன்," என்றார் அவர் தம்பி. "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"உன்ன மாதிரியா இருக்கு?"

"உங்கள மாதிரி இல்ல. அது போதும்."

பக்கத்துப் பக்கத்துக் குளத்தில் இத்தனை வருஷம் முகம் கோணாமல் இருந்த அண்ணன் தம்பி, ஒற்றுமை வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். தீர்ப்புச் சொல்லப் போன மாடல் சாரோடும் இரண்டு பேரும் பேசவில்லை.

இதற்குள் வெயில் ஏறிவிட்டது. எல்லாரிலும் சின்னக் குளம் வைத்திருந்த பெண்மணியை அங்கே எல்லாரும் அத்தை என்றே கூப்பிடுவார்கள். அவர் துண்டால் ஈ ஓட்டிக்கொண்டே சொன்னார்: "சார், சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம். மீனுக்கு ஐஸ் போடணும்."

ஐஸ் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. மரத்தடியில் தன் பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்த, இதுவரை கழிவு பிடித்துக்கொண்டு இவர்கள் மீனை விற்றுக்கொடுத்த அந்தத் தரகருக்கு 'ஐஸ்பெட்டி' என்றே பெயர்.

"வேணும்னா எடுத்துக்கங்க சார்," என்றார் ஐஸ்பெட்டி.

"தேவையில்ல. எங்க மாடல்ல நீங்க கெடையாது."

ஐஸ்பெட்டி கொஞ்சம் நகர்ந்து, பெட்டிமேல் அவருக்கும் இடம் விட்டார். அதில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. அதுதான் மாடல் சாருக்குப் பொறுக்கவில்லை. உடனே ஒரு வாடகை வேனைப் பிடித்து, மீனை அள்ளிப் போட்டுக்கொண்டு, அத்தையையும் ஏற்றிக்கொண்டு, குச்சி ஐஸ் தயாரிக்கும் கம்பெனிக்குப் போனார்.

"அச்சுல சரியா வராத சரக்கு இருக்கு, பரவாயில்லையா?" என்றான் கம்பெனிக்காரன்.

"ஜில்லுன்னு இருந்தா போதும்."

ஜில்லென்றுதான் இருந்தது. நிறத்தைப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. வேன் அங்கிருந்து நேராக ஓட்டலுக்குப் போய்ப் பின்வாசலில் நின்றபோது ஐஸ் பாதி உருகி, மீன் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் கிடந்தது.

மேனேஜர் குனிந்து முகர்ந்தார். "என்ன சார் இது?"

"கெண்டை."

"ஆரஞ்சுப் பழ வாசன வருது."

"இயற்கையா வளத்தது சார்."

"எத? ஆரஞ்சையா?"

பின்வாசல் சாத்தப்பட்டது. மாடல் சாருக்கு மச்சானின் நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது.

அப்புறம் சந்தை வாசல்தான். சாக்கை விரித்துக் குந்தி உட்கார்ந்து, "நுகர்வோர் அனைவருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்தார். ஒரு நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் அவர் தமிழ் இறங்கிவிட்டது. "வாங்கக்கா, துள்ளுது பாருங்க," என்றார், காலையிலேயே செத்துப்போன மீனைக் காட்டி. பூனைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே பலபேர் வாங்கினார்கள். கேட்ட விலைக்குக் கொடுத்தார். எப்படியோ சாக்கு காலியாயிற்று.

கரைக்குத் திரும்பியதும் குளத்துக்காரர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"வேன் வாடகை, ஐஸ், அடிபட்ட மீனு, சந்தைல எடம் புடிச்சது," என்று மாடல் சார் விரல் மடக்கினார். "கழிவு போக, ஆளுக்கு இவ்வளவுதான்."

கழிவு என்றால் சுரண்டல் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசியவர் அவர். இன்று அந்தச் சொல், கூடவே பிறந்ததுபோல் அவர் வாயிலிருந்து வழுக்கி விழுந்தது. கண்ணாடிக்காரர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். தம்பியும் வாங்கிக்கொண்டார்.

போன் அடித்தது. ஆபீஸிலிருந்து டைரக்டர் மேடம்.

"வித்தாச்சா?"

"ஆச்சு மேடம்."

"நடுவுல தரகர் யாரும் இல்லையே?"

மாடல் சார் சுற்றிலும் பார்த்தார். "என்னத் தவிர யாருமே இல்ல மேடம்."

"அருமை. இனிமே நீங்க நிரந்தரம்."

மாடல் சார் மச்சானின் நாற்காலியை மனதுக்குள் எட்டி உதைத்தார். பிறகு குளத்துக்காரர்கள் பக்கம் திரும்பி, "அடுத்த தடவ சைஸ் பிரிக்கறது, ஐஸ், வேனு எல்லாம் நானே பாத்துக்கறேன். நீங்க மீன மட்டும் குடுங்க. கழிவுதான் கொஞ்சம் கூடும்," என்றார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். பழகிய தலையாட்டல்.

மரத்தடியில் ஐஸ்பெட்டி எழுந்தார். மண்ணைத் தட்டிவிட்டு, பெட்டியை இழுத்துவந்து மாடல் சார் காலடியில் வைத்தார்.

"இத நீங்களே வெச்சுக்கங்க சார். எனக்கும் வயசாச்சு. யாராவது வருவாங்கன்னுதான் உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரப்பில் நடந்துபோனார்.

"இந்த ஆளு எதுக்கு என்கிட்ட இவ்வளவு பாசமா இருக்காரு?" என்றார் மாடல் சார், சந்தேகமாக.

அத்தை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒரே ஆபீஸ்ங்கற பாசம்தான் சார், தரகர்கிட்டேருந்து எங்களக் காப்பாத்தச் சொல்லி மொதல்ல அவரத்தானே அனுப்பினாங்க."