மேசைமேல் கோட்டை

பயிற்சி ஆசிரியர் என்று ஓர் இனம் உண்டு. செஞ்சி பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றீர்களானால் சுலபமாக அடையாளம் தெரியும். ஒரு கையில் சுருட்டிய படம், மறு கையில் பை நிறையத் துணைக்கருவிகள், அதாவது பிள்ளைகளுக்குக் காட்டிப் பாடம் நடத்துகிற புளியங்கொட்டை, பஞ்சு, மாட்டுமணி, மரக்குதிரை. வேட்டியில் சாக்கட்டித் தூள். முகத்திலோ, உலகமே மூன்றாம் வகுப்புதான் என்கிற ஒரு கருணை.

அவரிடம் மணி மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்ல மாட்டார். விடையை ஆசிரியர் சொல்லக்கூடாது, மாணவனிடமிருந்தே வரவழைக்க வேண்டும் என்பது முறை. வரவழைப்பார். அதற்குள் பஸ் போய்விடும்.

நான் சொல்லவந்த தாண்டவராயன் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். மனைவி மங்கை சோற்றைப் போட்டு வைத்து, "ஏங்க, சாப்டறீங்களா இல்லியா?" என்றால், "நல்லது. நாம் எதற்காக உண்கிறோம்?" என்பார்.

"உசுரோட இருந்து உங்க கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு! கொழம்பு ஆறுது, வாங்க."

சிரிக்காதீர்கள், பாவம். மனிதர் பெரிய கவலையில் இருந்தார். கடைசி மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதைப் பார்க்க வெளியூரிலிருந்து அதிகாரி வருகிறார். தேறினால் வாத்தியார் வேலை. தவறினாலோ, கடைத்தெருவில் மாமனாரின் மளிகைக் கடையில் பருப்பு நிறுக்க வேண்டியதுதான். மாமனார் தராசைத் துடைத்தே வைத்துவிட்டார்.

பாடம், செஞ்சிக் கோட்டை. முறைப்படி அதற்கும் துணைக்கருவி வேண்டுமே! ஏரிக்களிமண்ணைக் கொண்டுவந்து, மங்கையை மிதிக்கவைத்து, மலை பிடித்து, மதில் கட்டி, தீப்பெட்டியில் நெற்களஞ்சியம் செய்து, பச்சை மையால் புல்லும் பூசி, மேசைமேல் ஏற்றிவைத்தார். குறை சொல்ல முடியாத கோட்டை.

ஒரே ஒரு சங்கடம். வகுப்பறைச் சன்னல் நிறைய, ராஜகிரி மலைமேல், அசல் செஞ்சிக் கோட்டையே நின்றுகொண்டிருந்தது.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். பாடம் தொடங்கியதுமே மெஹர் பானு என்கிற சிறு பெண் எழுந்தாள். "சார், கோட்டை அதோ இருக்குது சார்!"

"வெளியே பார்க்கக்கூடாது. கவனம் சிதறும். இங்கே பார்."

"எங்க அத்தா இட்டுக்கினு போனாரு சார். மேல பீரங்கி இருக்குது, இம்மாம் பெருசு..."

தாண்டவராயன் போய்ச் சன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அரை இருட்டில் பிள்ளைகள் களிமண் மதிலை உற்று உற்றுப் பார்த்தார்கள்.

பாடம் முடிந்தது. அதிகாரி எழுந்து கேட்டார்: "பிள்ளைகளே, செஞ்சிக் கோட்டை எங்கே இருக்கிறது?"

"மேசை மேல சார்!" கூரை ஓடு அதிர்ந்தது. மெஹர் பானுவின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

தாண்டவராயனுக்குக் கண்முன் தராசு ஆடியது.

அதிகாரி நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ரொம்ப நல்லது. ஒரு பிள்ளைக்கும் கவனம் சிதறல. ஆனா ஒரு குறை. கோட்டை சின்னதாப் போச்சு, கடைசி வரிசைக்குத் தெரியாது. இந்த ஊர்ல இதவிடப் பெரிசா ஒண்ணு கிடைக்கலியா?"

தேறிவிட்டார். அதுவும் முதல் வகுப்பில். மாமனார் தேங்காய் உடைத்தார். அன்று சாயங்காலம் மெஹர் பானுவின் தாய் ரோஷன் பீ, "கோட்டை மேல மேகம் எறங்குது பாரு, துணிய எடு" என்றபோது, பெண் திருத்தினாளாம்: "அது மலைம்மா. கோட்டை எங்க பள்ளிக்கூடத்துல இருக்குது."

இப்படியும் மனிதர் உண்டா என்கிறீர்கள். போன சனிக்கிழமை மூச்சு வாங்கச் சிங்கவரம் மலையேறி, கூட்டத்தில் இடிபட்டு முன்னுக்கு வந்து, பெருமாள் எதிரே முழு நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கையில், இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு யாரைத் தரிசித்தீர்கள்? வீட்டுக் காலண்டரில் இருப்பவரைத்தானே?

பட்டாச்சாரியார், பாவம், கை கடுக்கத் தீபத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நின்றார்.