கொய்னா கொடுத்த செவ்வாயம்மா

கொல்லிமலையில் உட்கார்ந்துகொண்டே செவ்வாய்க் கிரகத்தை ஆண்ட ஒரே பெண்மணி எங்கள் செவ்வாயம்மாதான். சந்தேகம் உள்ளவர்கள் மலைமேலுள்ள குண்டூர் நாட்டுப் பக்கம் போய் விசாரித்துக்கொள்ளலாம். விசாரித்தால் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவார்கள்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். ஏறும்போது தனியாக ஏறுகிறவன் இறங்கும்போது மலைக்காய்ச்சலோடு இறங்குவான். செம்மேட்டில் ஒரு சேவா சங்கம் நடத்திய தர்ம ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். டாக்டர் எப்போதாவது வருவார். வந்தால் அவருக்கே கம்பளி தேட வேண்டியிருக்கும்.

அந்த ஆஸ்பத்திரிக்குச் சங்க ஊழியராக, கதர்ப் புடவையும் தகரப் பெட்டியுமாக அந்த அம்மாள் வந்து சேர்ந்தார். சேலத்துக்காரர். ஊர் ஊராகப் போய், மலைக்காய்ச்சலுக்கு மருந்தான கசப்புக் கொய்னா மாத்திரையை ஜனங்களை விழுங்க வைப்பதுதான் அவர் வேலை. பெட்டியைத் திறந்தால் புடவையைவிடக் காகிதம் அதிகம். பட்டணத்துப் பத்திரிகை ஒன்றுக்கு விஞ்ஞானக் கதை எழுதுகிறாராம்.

“எதைப் பத்திங்க கதை?” என்றேன்.

“செவ்வாயைப் பத்திங்க.”

நான் கிழமையை நினைத்துக்கொண்டு, “மத்த கிழமைங்களைப் பத்தி யாருங்க எழுதறாங்க?” என்று கேட்டுவைத்தேன். அவர் சிரித்த சிரிப்பில் அலமாரிச் சீசாக்கள் எல்லாம் கிணுகிணுத்தன. அன்றே செவ்வாயம்மா என்று பெயர் விழுந்துவிட்டது.

“எதுக்குங்க செவ்வாய்? பக்கத்துல சந்திரன் இருக்குதே?”

“என் ஜாதகத்துல செவ்வாய் தோஷமுங்க. வந்த வரனெல்லாம் அப்படியே திரும்பிருச்சு. என் கல்யாணத்தைக் கெடுத்த ஊரு எப்படித்தான் இருக்கும்னு பாத்துரலாம்னு ஒரு ஆசை.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் கையிலிருந்த மருந்தின் அளவு தப்பிப்போயிற்று.

குண்டூர் நாட்டில் ஒரு சிற்றூர். அதன் ஊர்க்கவுண்டர் கொய்னாவுக்குப் பரம விரோதி. “பாம்புப் பித்தங்கூட இத்தனை கசக்காதுங்கம்மா” என்று, பாம்புப் பித்தம் தின்று பழகியவர் மாதிரி சொல்லிவிட்டார். அவர் விழுங்காததை அந்த ஊரில் ஒருவரும் விழுங்க மாட்டார்கள். நானாக இருந்தால் சுகாதாரப் பிரசங்கம் செய்திருப்பேன். செவ்வாயம்மா கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, தான் எழுதிய கதையைப் படித்தார்.

கவுண்டர் கவனமாகக் கேட்டார். “ஏனுங்கம்மா, அங்க மழையுண்டுங்களா?”

“இல்லீங்க. வாய்க்கால் மட்டுந்தான்.”

“சாமை வெளையுமுங்களா?”

“இன்னும் யாரும் வெதச்சுப் பாக்கலீங்க.”

“அப்ப அந்த ஊருக்குப் பொண்ணு குடுக்க முடியாதுங்க” என்று கவுண்டர் தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் அவர்தான்.

அந்த வாரம் செவ்வாயம்மா கவுண்டரையே செவ்வாய்க்கு ராஜாவாக்கிவிட்டார். அதே மீசை, அதே ஊன்றுகோல், மேலே ஒரு கிரீடம். கவுண்டர் கிரீடத்தோடு ஊர்வலம் போனபோது ஊரே கைதட்டியது. அதற்கடுத்த வாரம் ராஜாவுக்குக் காய்ச்சல் கண்டது. காகம் அளவு கொசு கடித்துவிட்டதாம். படுக்கையில் கிடந்த ராஜா மருந்து வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்ட இடத்தில் செவ்வாயம்மா காகிதத்தை மடித்துவிட்டார்.

“அப்புறம் என்னாச்சுங்க?”

“இனிமேதான் எழுதணும். ராஜா இப்படியே பிடிவாதம் பிடிச்சா பொழைக்கறது கஷ்டமுங்க.”

“கண்ணு, என்னையக் கொன்னுபோடாதீங்க!” என்று கவுண்டர் கையை நீட்டினார். என்னிடமிருந்து மாத்திரையை வாங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார். ராஜாவே விழுங்கிவிட்ட பிறகு குடிமக்கள் என்ன செய்வார்கள்? வரிசையில் நின்றார்கள்.

சங்கத்துக் காரியதரிசி பார்வையிட வந்தபோதுதான் வினை வந்தது. “சங்கம் உங்களுக்கு என்ன செய்தது?” என்று ஊராரிடம் கேட்டார்.

“எங்க கவுண்டரைச் செவ்வாய்க்கு ராசாவாக்கிருக்குதுங்க.”

காரியதரிசிக்கு முகம் சிவந்துவிட்டது. சேவையைக் கேலிக்கூத்து ஆக்கலாமா என்று குதித்தார். மலையில் இருக்க வேண்டுமானால் எழுதுவதை விட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு இறங்கினார். செவ்வாயம்மா பேனாவைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. பெட்டியை மூடியபிறகும் வெகுநேரம் அதன்மேல் கையை வைத்தபடியே இருந்தார்.

ஆனால் கவுண்டர் விடுவாரா? செம்மேட்டுக்கே நடந்து வந்துவிட்டார். “ராசாவை மழையில்லாத ஊர்ல உட்டுப்போட்டு, நீங்க பாட்டுக்கு நிறுத்திக்கிட்டா எப்படிங்க சாமி?”

செவ்வாயம்மா என்னைப் பார்த்தார். “எழுதத்தானே கூடாதுன்னாங்க? சொல்லக்கூடாதுன்னு சொல்லலியே?”

அந்த மழைக்காலம் முழுதும் வாயாலேயே சொன்னார். அவர் கதை சொல்லச் சொல்ல நான் மாத்திரை கொடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஊர் ஊராக அவர் குரலைக் கேட்டுக்கொண்டே நடந்த அந்த நடையில் எனக்குக் கால் வலித்ததாக நினைவில்லை. அந்த வருஷம் கவுண்டர் ஊரில் காய்ச்சலுக்கு ஒரு குழந்தைகூடப் பலியாகவில்லை.

கதை தொடர்கிற சேதி காரியதரிசிக்கும் போயிற்று. பாராட்டு வரவில்லை, மாற்றல் வந்தது. கீழே ஏதோ ஊரில், குழந்தைகள் விடுதி ஒன்றுக்கு.

அடிவாரம் வரை நான் கூடப் போனேன். வழியெல்லாம் சொல்வதற்கு ஒன்றை மனதுக்குள் கோத்துக்கொண்டே வந்தேன். அடிவாரத்தில் மாட்டுவண்டி தயாராக நின்றது. கோத்தது எல்லாம் அவிழ்ந்துவிட்டது.

அவர்தான் பேசினார். “ஏனுங்க கம்பவுண்டர், எல்லாரையும் கதையில சேத்தேன். உங்களை மட்டும் ஏன் சேக்கலைன்னு நீங்க கேக்கவே இல்லையே?”

“ஏனுங்க சேக்கலை?”

“சேத்தா உங்களையும் அவ்வளவு தூரம் அனுப்பணுமே. நான் எப்பவாச்சும் திரும்பி வந்தா, இங்க தெரிஞ்ச முகம் ஒண்ணு வேண்டாமுங்களா?”

வண்டி போய்விட்டது. அவர் திரும்பி வரவில்லை. விடுதிக் குழந்தைகள் அவரை விடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பின்னாளில் எனக்குச் சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்தது. வீட்டில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். மலைக் காற்று உடம்புக்கு ஒத்துப்போய்விட்டது என்று சொல்லி மறுத்துவிட்டேன்.